வேலிக்கரையில் ஊற்றாத சாராயம்

மகன்,

உன் கடிதம் வெள்ளிக்கிழமைத் தபாலில் கிடைத்தது. அம்மாவுக்கு இரண்டு தரம் வாசித்துக் காட்டினேன். முதல் தரம் வாசிக்கும்போது, ‘சாப்பாட்டுக்குக் குறைவில்லை’ என்று நீ எழுதிய இடத்தில் என்னை மறித்து, “உவன் பொய் சொல்லுறான், எழுத்தே மெலிஞ்சு கிடக்கு” என்றாள். எழுத்து மெலிவதை எங்கே கண்டாளோ தெரியாது. கண்ணாடி இல்லாமல் அவளுக்கு எழுத்தே தெரியாது. நாளைக்கு உங்கள் பக்கம் வரும் ஆள் ஒருவரிடம் புழுக்கொடியலும் எள்ளுப்பாகும் கொடுத்து அனுப்புகிறாள். மற்ற வாத்திமாருக்குப் பங்கு போட்டுவிட்டு வெறும் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருக்காமல் நீயும் இரண்டு தின்.

நீ வாத்தியாராகி மூன்று மாதம். தென்மராட்சியில் உன்னைச் ‘சேர்’ என்று கூப்பிடுகிறார்களாம். எனக்குச் சிரிப்பும் வருகிறது, நெஞ்சும் நிறைகிறது. உலகச் சண்டை முடிந்த பிறகு பட்டாளத்து லொறிகள் ஊரெல்லாம் மலிந்துவிட்டன, மேல்வகுப்புப் பெடியன்களே மாமன்மாரின் லொறியைச் சந்தைக்கு ஓட்டிக்கொண்டு போகிறார்கள், வழியில் கள்ளும் சாராயமும் விற்கும் தவறணையில் இறங்கி ஏறுகிறார்கள் என்று எழுதியிருக்கிறாய். போன மாதம் உங்கள் பள்ளிக்கூடத்தில் படித்து முடித்த பெடியன் ஒருவன் அப்படி ஓட்டிப்போய் மரத்தோடு மோதிச் செத்ததையும் எழுதியிருக்கிறாய். வெள்ளிக்கிழமைகளில் மேல்வகுப்புக்கு இதைப் பற்றிப் பாடம் எடுக்கும்படி தலைமை வாத்தியார் உன்னிடம் சொல்லியிருக்கிறார். நீயும் உடனே என்னை நினைத்துக்கொண்டாய். ‘ஐயா, நீங்கள் முட்டையும் சாராயமும் வைத்துச் செய்து காட்டிய பாடத்தை அப்படியே எழுதி அனுப்புங்கோ. கடைசியில் சொல்லும் அம்மாவின் கால் கதையையும் ஒரு சொல் விடாமல் எழுதுங்கோ, அதைக் கேட்டுத்தான் சனம் அழுதது’ என்று கேட்டிருக்கிறாய். அந்த வரியில் நான் வாசிப்பதை நிறுத்தினேன். அம்மா தலையைத் திருப்பினாள். முற்றத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்தப் பாடத்தை நான் அனுப்பப்போவதில்லை. அதில் ஒரு பொய் இருக்கிறது. நீயும் அதையே சொன்னால் பொய் உன் வாய்க்கு வந்து, உன்னிடமிருந்து நாற்பது பிள்ளைகளிடம் போய்விடும். ஆறு நாளாகத் தாளை எடுப்பதும் வைப்பதுமாக இருந்துவிட்டு இன்றைக்குத்தான் உட்கார்ந்திருக்கிறேன். இதை வாசித்து முடித்த பிறகு என்னைப் பற்றி நீ என்ன நினைப்பாய் என்ற பயம் எனக்கு இருக்கிறது. அறுபதை எட்டும் வயதில் பெற்ற பிள்ளைக்குப் பயப்படுவது வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் இருப்பதை இல்லை என்று எப்படிச் சொல்ல?

முட்டைப் பாடம் உனக்குத் தெரிந்ததுதான். கண்ணாடித் தம்ளரில் முட்டையின் வெள்ளையை விட்டு, அதன் மேல் இரண்டு கரண்டி சாராயம் ஊற்றினால், தெளிவாக இருந்த வெள்ளை அவித்ததுபோல் திரளும். “பாருங்கோ பிள்ளையள், உங்கடை வயித்துக்குள்ளையும் உதுதான் நடக்கும்” என்பேன். அப்போது மதுவிலக்குச் சபைக்கு நான் காரியதரிசி. மாதத்தில் ஒரு நாள் ஏதாவது ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போய் அதைச் செய்து காட்டுவேன். சைவ வீட்டில் முட்டைக்கு இடமேது? உன் அம்மா அதை அடுக்களைப் பக்கமே எடுக்க விடமாட்டாள். முதல் நாளே வாங்கி மாட்டுக் கொட்டிலில் வைக்கோலுக்குள் ஒளித்துவைப்பேன். ஒருமுறை பாடம் முடிய, முன்வாங்கில் இருந்த பெடியன் ஒருவன் எழும்பி, “வாத்தியார், அவிஞ்சிட்டுதுதானே, இனித் திங்கலாமோ?” என்று கேட்டான். சபைத் தலைவர் வந்து இருக்கும்போது கேட்டான், பாவி!

முட்டையை விடச் சாராயம்தான் பெரிய பிரச்சினை. மதுவிலக்குச் சபைக் காரியதரிசி தவறணை வாசலில் போய் நிற்க முடியுமோ? கண்டவன் கதை கட்டிவிடுவான். அதனால் சபை வாடகைக்குப் பிடிக்கும் காரை ஓட்டும் வல்லிபுரத்திடம் சொல்லிவிடுவேன். அவன் விடியவே போய் ஒரு போத்தல் வாங்கி, பேப்பரில் சுற்றிச் சீற்றுக்குக் கீழே வைத்துக்கொண்டு வருவான். பாடத்துக்கு வேண்டியது இரண்டு கரண்டி. மிச்சத்தை நான் என் கையாலேயே பள்ளிக்கூடத்து வேலிக்கரையில் ஊற்றிவிடுவேன். ஊற்றும்போது ஒவ்வொரு முறையும் என் வயிறு எரியும். நான் குடிக்கிறவன் அல்ல என்பது உனக்குத் தெரியும். ஆனால் காசு கொடுத்து வாங்கிய ஒரு பொருளை மண்ணில் கொட்டுவது எங்கள் சாதிசனத்தின் கைக்குப் பழக்கமில்லாத வேலை. கஞ்சித் தண்ணியைக்கூட மாட்டுக்கு வைக்கும் ஊர் இது.

வல்லிபுரம் யார் என்று உனக்கு நான் சொல்லத் தேவையில்லை. இன்றைக்குச் சந்தியில் சைக்கிள் திருத்தும் வல்லிபுரம். முன்பல் இரண்டும் இல்லாத வல்லிபுரம். சின்ன வயதில் நீயும் உன் கூட்டாளிகளும் “குடிகார வல்லிபுரம்! குடிகார வல்லிபுரம்!” என்று கத்திவிட்டு ஓடுவீர்களே, அவன்தான். ஒருநாள் நீ அப்படிக் கத்தியதை நான் மதகடியில் நின்று கேட்டேன். உன்னை இழுத்து இரண்டு அடி போட்டிருக்க வேண்டும். நான் கேளாதவன் மாதிரி வீட்டுக்கு நடந்தேன். பிறகு நீ வளர்ந்து சைக்கிள் வாங்கியபோதும், காற்று அடிக்கக்கூட அவனிடம் போகாமல் ஒரு மைல் உருட்டிக்கொண்டு வேறு கடைக்குப் போவாய். தாயின் காலை முறித்தவன் என்று உனக்கு அவ்வளவு கோபம். அந்தக் கோபத்தை நான்தான் உனக்கு ஊட்டி வளர்த்தேன்.

நான் சபைக்கு வந்த புதிதில் வல்லிபுரம் குடிப்பான். அளவாகத்தான், ஆனால் குடிப்பான். ஒரு பள்ளிக்கூடத்தில் நான் பாடம் எடுக்கும்போது, காரை நிழலில் விட்டுவிட்டு யன்னலுக்கு வெளியே நின்று முழுவதையும் கேட்டிருக்கிறான். திரும்பி வரும் வழியில், “வாத்தியார், நான் இண்டையோடை விடப்போறன். அந்த முட்டையைப் பாக்க எனக்கு வயித்தைப் பிரட்டிப்போட்டுது” என்றான். நான் சிரித்தேன். குடிகாரன் பேச்சு விடிந்தால் போச்சு என்று மனதுக்குள் நினைத்தேன். ஆனால் அவன் விட்டுவிட்டான். இரண்டு வருசம் தொடவில்லை. மாதா மாதம் எனக்காகத் தவறணைக்குப் போய், போத்தலைக் கையில் வாங்கி, மூடியைத் திறந்தும் பாராமல் கொண்டுவந்து தந்தான். யோசித்துப் பார். எத்தனையோ நூறு பிள்ளைகளுக்கு நான் அந்தப் பாடத்தைச் சொன்னேன். அதைக் கேட்டுக் குடியை விட்டான் என்று நான் நிச்சயமாகச் சொல்லக்கூடிய ஒரே ஆள் அவன். அவனைத்தான் நான் நம்பவில்லை.

அந்த வருசம் உன் அம்மா கந்தசஷ்டி விரதம் பிடிக்க இணுவிலில் பெரியம்மா வீட்டில் போய் நின்றாள். உனக்கு எட்டு வயது. நெருப்புக் காய்ச்சல் வந்து தப்பியிருந்தாய். உனக்காக வைத்த நேர்த்தி அது. ஆறு நாளும் பச்சைத் தண்ணீரோடு கந்தசுவாமி கோயிலே கதியென்று கிடந்தாள். நீயும் அவளோடு போய்ப் பெரியம்மாவின் பிள்ளைகளோடு கொட்டமடித்தாய். சூரன்போர் முடிந்த மறுநாள் விரதம் முறிக்கும் பாறணை. அன்றைக்கு எனக்குத் தெல்லிப்பழைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் பாடம். அதை முடித்துக்கொண்டு, அதே காரில் இணுவிலுக்கு வந்து உங்கள் இரண்டு பேரையும் ஏற்றிப் பண்டத்தரிப்புக்குக் கூட்டிவருவதாக ஒழுங்கு.

பாடம் நன்றாக நடந்தது. வெளியே வந்தால் கொட்டுகிறது மழை. ஐப்பசி மழை எப்படி என்று உனக்குத் தெரியும், சாட்டையால் அடித்ததுபோல் விழும். காரைப் பார்த்தால் பின்சில்லு காற்றுப் போய் நிலத்தோடு கிடக்கிறது. வல்லிபுரம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சேற்றுக்குள் முழங்கால் குத்தி இருந்து சில்லு மாற்றினான். அரைமணி நேரம் சென்றது. நான் குடையைப் பிடித்துக்கொண்டு, கையில் சாராயப் போத்தலோடு நின்றேன். வேலிக்கரைக்குப் போய் ஊற்றவேண்டும், மழையில் போக அலுப்பு. அவன் வேலையை முடித்து எழும்பியபோது பல்லோடு பல் அடித்துக்கொண்டது. உதடு நீலம் பாய்ந்திருந்தது. பார்க்க எனக்கு மனம் பொறுக்கவில்லை. கையில் போத்தல் இருக்கிறது. கொட்டினால் வீண். குளிருக்கு இரண்டு மடக்கு மருந்து மாதிரி என்று எல்லாரும் சொல்வதுதானே.

“இந்தா வல்லிபுரம், குளிருக்கு நல்லது” என்று நீட்டினேன்.

“ஐயோ வேண்டாம் வாத்தியார். நான் விட்டிட்டனல்லோ.”

“ஒரு நாளைக்கு ஒண்டும் செய்யாது. பிடி.”

மகன், நான் சொன்ன அந்தச் சொல்லைக் கவனி. ஒவ்வொரு பள்ளிக்கூடத்திலும் நான் கரும்பலகையில் எழுதிப் போட்டு, ‘இந்தச் சொல்லை எவன் சொன்னாலும் அவன் உங்கள் எதிரி’ என்று பிள்ளைகளைக் கொண்டு சத்தமாகச் சொல்லவைத்த சொல் அது. ஒரு மணி நேரத்துக்கு முன்னர்தான் உள்ளே எழுதிவிட்டு வந்திருந்தேன். இன்னும் அழித்திருக்க மாட்டார்கள்.

அவன் என் முகத்தைப் பார்த்தான், போத்தலைப் பார்த்தான். கூட்டாளி ஒருத்தன் நீட்டியிருந்தால் தட்டிவிட்டிருப்பான். வாத்தியார் தன் கையால் நீட்டுவதை எங்கள் ஊரில் எவன் மறுப்பான்? திருநீறு நீட்டினாலும் பிரம்பு நீட்டினாலும் கையை நீட்டித்தான் பழக்கம். இரண்டு கையாலும் பணிவாக வாங்கினான், மகன். அந்தப் பணிவு இன்றைக்கும் என் கண்ணுக்குள் நிற்கிறது. அவன் குடிப்பதைப் பார்ப்பது காரியதரிசிக்கு அழகில்லை என்று நான் மறுபக்கம் திரும்பி மழையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இந்த மூளைக்குத்தான் ஊரெல்லாம் மாலை போட்டார்கள்!

இணுவிலுக்கு வந்தோம். பெரியம்மா விடுவாளா? பாறணைச் சமையல் இருக்கிறது, சாப்பிடாமல் போகக்கூடாது என்று இலை போட்டுவிட்டாள். நான் ஆற அமர இருந்து ஒரு மணி நேரம் சாப்பிட்டுக் கதைத்துக்கொண்டிருந்தேன். வல்லிபுரம் படலைக்கு வெளியே காருக்குள் இருந்தான். போத்தலும் அவனோடு இருந்தது. அதை நான் அவனிடமிருந்து திருப்பி வாங்கவில்லை. வாங்கவேண்டும் என்று தோன்றவும் இல்லை. புறப்படும் நேரம் நீ அழத் தொடங்கினாய். இன்னும் இரண்டு நாள் நிற்கப்போகிறேன் என்று தூணைக் கட்டிப்பிடித்துக்கொண்டாய். எப்போதும் றைவருக்குப் பக்கத்தில் முன்சீற்றில் ஏறுவதற்காக எனக்கு முன்னர் ஓடுகிறவன், அன்றைக்குக் காரையே திரும்பிப் பார்க்கவில்லை. “சரி, நிண்டு துலை” என்று ஏசிவிட்டு நாங்கள் இரண்டு பேரும் பின்னால் ஏறினோம்.

ஏறின உடனேயே உன் அம்மா மூக்கைச் சுளித்தாள். “இஞ்சாருங்கோ, உந்த மனிசன் குடிச்சிருக்கிறார் போலை. இறங்குவம். பிறகு வண்டில் பிடிச்சுப் போகலாம்.”

“சும்மா இரு. நனைஞ்சு போனான், ரண்டு மடக்கு நான்தான் குடுத்தனான். அவன் பழகின றைவர்.”

“நீங்களோ குடுத்தனீங்கள்?” என்றாள். முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு முருகனைக் கூப்பிட்டாள்.

சண்டிலிப்பாய் தாண்டும்வரை ஒன்றும் நடக்கவில்லை. மழை விட்டு வெயிலும் எறித்தது. வல்லிபுரம் நல்ல கலகலப்பாகக் கதைத்துக்கொண்டு ஓட்டினான். முன்னால் ஓலை ஏற்றிய வண்டில் ஒன்று போனது. அதை விலத்திக்கொண்டு முன்னே போனான். அங்கே ஒரு வளைவு, வளைவில் ஒரு மதகு. அவன் வளைவைக் கண்டானோ இல்லையோ, கார் வளையவில்லை. இடதுபக்கம் மதகுக் கட்டோடு போய் இடித்தது. முன் இடதுசீற்று, நீ எப்போதும் ஏறுகிற சீற்று, தகரமும் மரமுமாக நொறுங்கிப் பின்னால் வந்து உன் அம்மாவின் காலை நசித்தது. வல்லிபுரத்தின் வாய் ஸ்டியரிங்கில் அடிபட்டுப் பல் போனது. எனக்கு நெற்றியில் ஒரு கீறல். நியாயத்தைப் பார். நான் எத்தனை இரவு அந்த முன்சீற்றை நினைத்து எழும்பிக் குந்தியிருக்கிறேன் தெரியுமா? நீ அழுது அடம்பிடித்ததற்கு நான் ஏசினேன். அந்த அழுகைக்குக் கோயில் கட்டிக் கும்பிடவேண்டும்.

அந்தப் போத்தல் மட்டும் உடையவில்லை. பொலிஸ்காரர் சீற்றுக்குக் கீழே இருந்து எடுத்தார்கள். தவறணைக்காரன் கோட்டுக்கு வந்து, ‘வல்லிபுரம்தான் விடியக் காலமை வந்து வாங்கினவர், மாதா மாதம் வாங்குறவர்’ என்று சாட்சி சொன்னான். அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. அடுத்தது என் முறை. அதற்கு முதல்நாள் ஆசுப்பத்திரிக்குப் போனபோது உன் அம்மா காலில் கட்டோடு படுத்துக்கொண்டு, “உள்ளதைச் சொல்லிப்போடுங்கோ. என்ரை கால் போனது போகட்டும், அவனும் பிள்ளைகுட்டிக்காரன்” என்றாள். ஓம் என்றுதான் தலையாட்டிவிட்டுப் போனேன். கூண்டில் ஏறிப் பார்த்தால், சபைக்காரர் எல்லாரும் முன்வாங்கில் இருக்கிறார்கள். எங்கள் பள்ளிக்கூட முகாமையாளரும் இருக்கிறார். வழக்குப் பேசிய பிரக்கிராசியார் போத்தலைத் தூக்கிக் காட்டி, “உதைப்பற்றி உமக்கு ஏதும் தெரியுமோ?” என்று கேட்டார்.

“தெரியாது” என்றேன்.

ஒரே ஒரு சொல். வல்லிபுரம் எதிர்க்கூண்டில் நின்று என்னைப் பார்த்தான். வாய் இன்னும் வீங்கியிருந்தது. ஏதோ சொல்லப்போகிறான் என்று நான் நடுங்கினேன். அவன் என் பெயரை எடுக்காமல் குற்றத்தை ஒப்புக்கொண்டான். லைசன் போனது, மறியலுக்குப் போய்ச் சிறையிலும் இருந்தான்.

உன் அம்மா ஆசுப்பத்திரியால் வந்த பிறகு என்னோடு கதைக்கவில்லை. ஒரு மாதம் முழுவதும். பெரியம்மா வந்து சமைத்துத் தந்துவிட்டுப் போவாள். பெரியம்மா ஊருக்குத் திரும்பிய அன்று காலை, உன் அம்மா சுவரைப் பிடித்துப் பிடித்து அடுக்களைக்குப் போனாள். தேங்காய் துருவும் துருவலையில் குந்தப் பார்த்தாள். கால் மடங்கவில்லை. இரண்டாம் தரமும் பார்த்தாள். பிறகு அப்படியே நின்றுகொண்டு என்னைக் கூப்பிட்டாள்: “இஞ்சை வாருங்கோ. உந்தத் தேங்காயைத் துருவுங்கோ.” ஒரு மாதத்துக்குப் பிறகு அவள் என்னோடு கதைத்த முதல் கதை அது. அன்றைக்குக் குந்தியவன்தான், பதினாலு வருசமாகக் காலமையில் குந்துகிறேன். ‘எங்கடை ஐயா எவ்வளவு நல்லவர், அம்மாவுக்குத் தேங்காய் துருவிக் கொடுப்பார்’ என்று நீ உன் கூட்டாளிகளிடம் பெருமையடித்ததை நானே கேட்டிருக்கிறேன். அன்பு இல்லை என்று சொல்லமாட்டேன், அவள்மேல் எனக்கு உயிர். ஆனால் அது எனக்குக் கிடைத்த தீர்ப்பும்தான். வல்லிபுரம் தன்னுடையதை அனுபவித்து முடித்துவிட்டான், என்னுடையது இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

இதற்கு மேல் ஒன்று இருக்கிறது, அதைத்தான் எழுதக் கை கூசுகிறது. விபத்துக்குப் பிறகும் நான் பாடம் எடுத்தேன். முட்டையைக் காட்டி முடித்துவிட்டு, “பிள்ளையள், ஒரு குடிகார றைவராலை என்ரை மனிசி இண்டைக்கு நொண்டியாப் போனா” என்று தொடங்குவேன். கண்ணீர் தானாக வரும். அது நடிப்பல்ல, அழுகை உண்மை, கதைதான் பொய். முன்னைய பாடத்தைவிட இந்தப் பாடம் நன்றாக எடுபட்டது. அதைத்தான் நீயும் ஒருநாள் வாங்கில் இருந்து கேட்டாய். ஒன்றரை வருசம் இப்படிப் போனது. பிறகு ஒருநாள் பாடத்தின் நடுவில் நிமிர்ந்து பார்க்கிறேன், யன்னலுக்கு வெளியே வல்லிபுரம் நிற்கிறான். மறியலால் வந்திருந்தான். முதல் நாள் நின்று கேட்டானே, அதே பள்ளிக்கூடம், அதே யன்னல். கதையைப் பாதியில் விட்டேன். மூச்சு முட்டு இழுக்கிறது என்று சொல்லி இருந்துவிட்டேன். அதோடு காரியதரிசி வேலையையும் விட்டேன். ஊர் என் நெஞ்சு வருத்தத்துக்காக இரங்கியது.

உன் கடிதம் வந்த மறுநாள் நான் சைக்கிளை உருட்டிக்கொண்டு சந்திக்குப் போனேன். சில்லில் காற்று இறங்குகிறது என்று சொன்னேன். வல்லிபுரம் ரியூப்பைக் கழற்றித் தண்ணீருக்குள் அமுக்கிப் பார்த்தான். ஒரு குமிழியும் வரவில்லை.

“உதிலை ஒண்டும் இல்லை வாத்தியார். என்னத்துக்கு வந்தனீங்கள், சொல்லுங்கோ.”

சொன்னேன். நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். மகனுக்கு எழுதப்போவதையும் சொன்னேன். மன்னித்துவிடு என்றும் கேட்டேன். அவன் ரியூப்பைத் துடைத்துக்கொண்டு இருந்தான்.

“பதினாலு வருசம்” என்றான். “வீட்டிலை இருந்து இஞ்சை வர அரை மைல் வருமோ, வாத்தியார்? நல்லா ஆறுதலாத்தான் நடந்து வந்திருக்கிறியள்.”

தலையைக் குனிந்துகொண்டு நின்றேன்.

“நான் ஏன் அண்டைக்குக் கோட்டிலை சொல்லேல்லை எண்டு நினைக்கிறியள்? உங்களிலை உள்ள மரியாதையிலையோ? மதுவிலக்குச் சபைக் காரியதரிசி சாராயம் தந்தவர் எண்டு நான் சொன்னால், ஆர் நம்புவினம்? நீதவானே சிரிச்சிருப்பார். அதுதான் பேசாமல் இருந்தனான்.” தண்ணீர்ச் சட்டியைக் காலால் ஒதுக்கினான். “மறியலாலை வந்து ரண்டு வருசம் நல்லாக் குடிச்சன். பிறகு விட்டிட்டன். உங்கடை முட்டையாலை இல்லை, எனக்கே அலுத்துப் போச்சு.”

“தம்பியின்ரை பள்ளிக்கூடத்திலை உண்மையைச் சொல்லச் சொல்லப்போறன், வல்லிபுரம்.”

அப்போதுதான் நிமிர்ந்து என்னைப் பார்த்தான். “சொல்லுறதெண்டால் முழுக்கச் சொல்லச் சொல்லுங்கோ. தந்தது நீங்கள். வாங்கிக் குடிச்சது நான். குடிச்சிட்டுக் காரை ஸ்டார்ட் பண்ணினதும் நான். என்ரை பங்கையும் நீங்களே எடுத்துப்போடாதேங்கோ. அம்மாவின்ரை கால் என்ரை கணக்கிலும் இருக்கு, நானும் அதை நினைச்சுத்தான் படுக்கிறன். இன்னொண்டும் சொல்லச் சொல்லுங்கோ. குடிச்சால் கண் மங்கும், கை நடுங்கும் எண்டு நீங்கள் பாடத்திலை சொல்லுவியள். எனக்கு அண்டைக்கு ஒண்டும் மங்கேல்லை, வாத்தியார். றோட்டு எனக்கு அகலமாத் தெரிஞ்சுது. நான் இதைவிட நல்லா ஒருநாளும் ஓடினதில்லை எண்டு நினைச்சுக்கொண்டு ஓடினன். வளைவு வரேக்கையும் அப்பிடித்தான் நினைச்சன். பெடியளுக்கு அதைச் சொல்லச் சொல்லுங்கோ. மங்கிறவன் நிப்பாட்டுவான். நல்லாத் தெரியுது எண்டு நினைக்கிறவன்தான் போய் இடிப்பான்.”

மன்னித்தேன் என்று அவன் சொல்லவில்லை. ரியூப்பை மாட்டி, காற்று அடித்து, சைக்கிளை என் கையில் தந்தான். நான் புறப்படும்போது, “வாத்தியாற்றை மகன் வீட்டுக்கு வந்தால், காத்து அடிக்கவாவது இந்தப் பக்கம் வரச்சொல்லுங்கோ” என்றான். நீ இனி லீவில் வரும்போது முதல் வேலையாக அங்கே போ. சில்லில் காற்று நிறைய இருந்தாலும் போ.

ஆகையால் மகன், உன் வெள்ளிக்கிழமைப் பாடத்துக்கு முட்டை வாங்காதே. நான் எழுதியிருப்பதைச் சொல். தவறணையில் இறங்கி ஏறும் பெடியனிடம் வல்லிபுரம் சொன்னதைச் சொல்: றோட்டு அகலமாகத் தெரிந்தால் அப்போதே லொறியை நிறுத்திவிட்டு நடக்கட்டும். லொறிக்காரனுக்கு அன்பாக ஊற்றிக் கொடுக்கும் மாமன்மார் உங்கள் ஊரிலும் இருப்பார்கள். குடிக்காதவனும் குற்றவாளியாகலாம் என்று அந்தப் பிள்ளைகளுக்குச் சொல், என்னைக் காட்டிச் சொல். பக்கத்தில் இருக்கும் உன் அம்மா மாதிரி ஒருத்தி ‘இறங்குவம்’ என்றால், இறங்கச் சொல். கௌரவம் பார்த்து வாயை மூடிக்கொண்டு இருக்கவேண்டாம். பெரியவர் நீட்டினாலும், வாத்தியார் நீட்டினாலும், இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொள்ளச் சொல். அது மரியாதைக் குறைவு என்று எவனாவது சொன்னால், என்னிடம் அனுப்பு.

இதை எழுதுவதைப் பார்த்துக்கொண்டு உன் அம்மா கதவோடு சாய்ந்து நிற்கிறாள். எல்லாம் எழுதிவிட்டீர்களா என்று கேட்டாள். ஓம் என்றேன். “கோட்டிலை சொன்னதையும்?” என்றாள். ஓம், அதையும் என்றேன். “அப்ப சரி. இண்டைக்குத் தேங்காய் நான் துருவுறன், அந்த வாங்கிலை துருவலையை வைச்சுத் தாருங்கோ” என்றாள். பதினாலு வருசத்தில் இப்படி அவள் கேட்டதில்லை, மகன். எழுத்து இந்த இடத்தில் கொஞ்சம் கலங்கியிருந்தால் மையைக் குறை சொல்லாதே.

கடைசியாக ஒன்று. நீ இந்தக் கதையைச் சொல்லி முடிக்க, உன் வகுப்பில் ஒரு பிள்ளை கட்டாயம் எழும்பி, “அந்த வாத்தியார் ஆர், சேர்?” என்று கேட்கும். எந்த வகுப்பிலும் அப்படி ஒரு பிள்ளை இருக்கும். என்னைக் காப்பாற்ற ஏதாவது ஒரு பெயரை உண்டாக்கிச் சொல்லலாம் என்று உனக்குத் தோன்றும். நீ என்மேல் வைத்திருக்கும் அன்பு எனக்குத் தெரியாதா? அப்படிச் செய்யாதே, ராசா. கரும்பலகைப் பக்கம் திரும்பாமல், அந்தப் பிள்ளையின் முகத்தை நேராகப் பார்த்து, “என்ரை ஐயா” என்று சொல்.